பின் பெஞ்சு உபயம்: மு. குணசேகரன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் பெயரை எங்காவது எழுதியிருந்தால் நின்று ஒரு தடவை படித்துவிட்டுப் போகிற வியாதி எனக்கு உண்டு. கல்யாணப் பத்திரிகையில் முப்பத்தேழாவது ஆளாக இருந்தாலும் சரி, கிளினிக்கில் மருந்து பாட்டிலில் ஒட்டின சீட்டாக இருந்தாலும் சரி. இப்போது வயதாகிவிட்டதால் கொஞ்சம் எட்ட நின்று படிக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த வியாதி என்னை ஒரு நாள் போலீஸ் நிலையத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது. அதுவும் என் பரிசத்தன்று, பட்டு வேட்டியில்.

குருண் என்கிற மலாய் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணியாகச் சேர்ந்த புதிது. (கிராணி என்றால் குமாஸ்தா. சின்னக் கிராணி என்றால் வேறொன்றுமில்லை, பெரிய கிராணி திட்டும்போது நின்று கேட்கிற ஆள்.) அப்பா இல்லை. அம்மா பாலுக்கு ரப்பர் மரம் சீவித்தான் என்னைப் படிக்க வைத்தாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போகிற எனக்கு, நான்தான் அந்தத் தோட்டத்தையே நடத்துகிறேன் என்கிற நினைப்பு.

அந்த நேரத்தில்தான் மாணிக்கம் அண்ணன் வேன் வாங்கினார். அவரும் மரம் சீவினவர்தான். போதும்டா சாமி என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டு, டவுனில் ஒரு பட்டறையில் கிடந்த பழைய வேனை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பன்னிரண்டு சீட்டு. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மற்ற நேரத்தில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி. ஆளேற்றி ஓட்ட பெர்மிட் வேண்டுமே என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவரும் தன்னிடம் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் தோட்டத்துக் கோயிலில் உபயம் எழுதாத ஒரே பொருள் சாமி மட்டும்தான். ஃபேன், குழல் விளக்கு, மணி, உண்டியல், வாசல் மிதியடி, எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் இருக்கும். விளக்கில் பெயரைப் பெரிதாக எழுதி வெளிச்சம் வராமல் போனதும் உண்டு. மாணிக்கம் அண்ணன் திருவிழாவுக்கு ஆட்களை இலவசமாக ஏற்றுகிறேன் என்று சொன்னதும், வேனும் பாதி கோயில் சொத்தாகிவிட்டது. ஒருவர் ஜன்னல் திரை உபயம். ஒருவர் சீட்டுத் துணி. ஒருவர் ஹாரன். (அந்த ஹாரனைக் கேட்டால் மாடு கன்று ஈனுகிற மாதிரி இருக்கும், அதற்கும் ஒரு பெயர்.) நான் போய்க் கேட்டபோது எல்லாமே முடிந்திருந்தது.

"பின்னால இடம் சும்மாதானே கெடக்குது தம்பி," என்றார் மாணிக்கம் அண்ணன். கடைசி சீட்டுக்கும் பின்கதவுக்கும் நடுவில், ஸ்பேர் டயரும் சாமானும் வைக்கிற இடம்.

தோட்டத்துத் தச்சரிடம் சொல்லி நல்ல கனமான மர பெஞ்சு ஒன்று செய்யச் சொன்னேன். நாலு பேர் உட்காரலாம், ஒட்டி உட்கார்ந்தால் ஐந்து. போல்ட்டு போட்டு இறுக்கலாமே என்று தச்சர் சொன்னார். "தரையில ஓட்டை போட்டா துருப்பிடிச்சிரும்லா," என்று மாணிக்கம் அண்ணன் மறுத்துவிட்டார். கடைசியில் பெஞ்சின் கால்களை மாட்டுக் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு கட்டினோம். கயிறு புதுசு. அந்தப் புதுக் கயிறு ஒன்றே போதும் என்று இரண்டு பேரும் திருப்தியாகக் கைத் தூசியைத் தட்டிக்கொண்டு இறங்கினோம்.

அடுத்தது பெயர். டவுனிலிருந்து போர்டு எழுதுகிறவர் வந்தார். வேனின் பக்கக் கதவில் 'பின் பெஞ்சு உபயம்: மு. குணசேகரன், கிராணி' என்று எழுதவேண்டும், பெயர் மட்டும் கொஞ்சம் பெரிசாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். அவர் பாவம், முக்கியமானதை முதலில் எழுதுவோம் என்று பெயரிலிருந்தே ஆரம்பித்திருக்கிறார். சாயங்காலம் வந்து பார்த்தால் கதவு முழுக்க மு. குணசேகரன். கீழே அதையே ஆங்கில எழுத்தில் இன்னொரு தடவை.

"பேரு முடிஞ்சப்போ கதவும் முடிஞ்சுபோச்சு தம்பி," என்றார். "பெஞ்சை வேற எங்கயாவது எழுதிக்கலாம்."

எனக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று கேட்டால், துளியும் இல்லை. அன்றைக்கு அந்தக் கதவைச் சுற்றி நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வாடகை வண்டிகளின் கதவில் உரிமையாளர் பெயரைத்தான் எழுதுவார்கள் என்பதும், அதைப் படித்துத்தான் போலீசும் ஊரும் வண்டி யாருடையது என்று முடிவு செய்யும் என்பதும் எனக்கு உறைக்கவே இல்லை. கிராணிப் பரீட்சையில் அந்தக் கேள்வி வரவில்லை.

திருவிழாவுக்குப் பண்டார் பாருவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா சபாபதி, கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். தமிழில் பேசுகிறவன் சொல்வதை நீதிபதிக்கு மலாயில் சொல்வது அவர் வேலை. மகள் வசந்தா. கோயில் வாசலில் நின்ற வேனைப் பார்த்து அவள் தங்கையிடம், "யாருடி இந்தக் குணசேகரன்? கதவைவிட பேரு பெரிசா இருக்கு," என்று சொல்லிச் சிரித்தாள். அந்தக் குணசேகரன் அவளுக்கு நேர் பின்னால் கையில் சக்கரைப் பொங்கலோடு நின்றுகொண்டிருந்தான். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். என்னைக் கிண்டல் செய்கிறவளையே கட்டிக்கொள்ள நினைக்கிறோமே என்று அப்போது எனக்குக் குழப்பமாகத்தான் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

பேசி முடிக்கப் போனவர் என் தாய்மாமா. சபாபதி அவரிடம், "மாப்பிள்ளைக்குச் சொந்தமா வேன் ஓடுதோ?" என்று கேட்டிருக்கிறார்.

"கதவுல பேரே போட்டிருக்கு, நீங்களே பார்த்தீங்கள்ல," என்றிருக்கிறார் மாமா.

அவர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னார். "மாமா, அது பெஞ்சு மட்டும்தானே?" என்றேன்.

"நான் வேன் உன்னோடதுன்னு சொன்னேனா? பேரு போட்டிருக்குன்னு சொன்னேன். பேரு போட்டிருக்கா இல்லையா?"

போட்டிருக்கிறது. சரி, கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு நல்ல நாள் பார்த்து மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அவள் கிடைக்காமல் போய்விடுவாளோ என்கிற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

பரிசத்துக்கு நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை போகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் சபாபதி, "மாப்பிள்ளை அவர் வேன்லயே எல்லாரையும் கூட்டிட்டு வந்துடட்டும்," என்று சொல்லி அனுப்பிவிட்டார். நானும் கிளம்பவேண்டியதாகிவிட்டது.

பன்னிரண்டு சீட்டு வேனில் எத்தனை பேர் போகலாம் என்பதற்கு எங்களிடம் ஒரு தனிக் கணக்கு இருந்தது. சீர்த்தட்டு ஒற்றைப்படையில் இருக்கவேண்டும், ஒன்பது. ஒன்பது தட்டைத் தூக்க ஒன்பது சுமங்கலிகள். சுமங்கலியைக் கூப்பிட்டுவிட்டுப் புருஷனை விடமுடியுமா? ஆறு பேர் வந்தார்கள். (மூன்று பேருக்கு வேலை, பிழைத்தோம்.) பிள்ளைகள் ஐந்து. மடியில் உட்கார்ந்தால் அது ஆள் கணக்கில் சேராது. அப்புறம் மாமா, அம்மா, நான், ஓட்டுகிற மாணிக்கம் அண்ணன். ஆகமொத்தம் இருபத்து நாலு. வேனின் கூரைமேல் இரண்டு வாழைத்தாரும் ஒரு மூட்டைத் தேங்காயும்.

முன் சீட்டு மாப்பிள்ளைக்கு. அம்மா அதை ஒரு பார்வை பார்த்தாள். தாலி இல்லாதவள் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக்கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே, "நான் பின்னால உட்கார்ந்துக்கறேன், காத்து வரும்," என்று சுற்றிக்கொண்டு போய், பின்கதவு வழியாக ஏறி என் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு முன்னால் ஏறினேன். "வாம்மா முன்னால" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்கு நான் செய்ததிலேயே பெரிய தப்பு அதுதான், ஆனால் அதை எந்த போலீசும் எழுதிக்கொள்ளவில்லை.

குருணிலிருந்து கூலிம் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேன் மட்டும் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஓடியது. "ஸ்டியரிங் இன்னிக்கி ரொம்ப லேசா இருக்கு தம்பி," என்று மாணிக்கம் அண்ணன் சந்தோஷமாகச் சொன்னார். நானும் சந்தோஷப்பட்டேன். பின்பாரம் தாங்காமல் முன்சக்கரம் ரோட்டைச் சரியாகத் தொடவே இல்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பார்க்கிறவர்கள் என் பெயரைப் படிக்கிறார்களா என்று நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பண்டார் பாருவுக்கு ஒரு மைல் இருக்கும்போது ஒரு வளைவு. எதிரே ஒரு லாரி. மாணிக்கம் அண்ணன் ஸ்டியரிங்கை ஒடித்தார். பின்னால் படீர் என்று கயிறு அறுந்த சத்தம். பெஞ்சு ஐந்து பொம்பளைகளோடு ஒரு பக்கமாக வழுக்கிக்கொண்டு போய் இடித்தது. வேனின் வால் சுழன்றது, ரோட்டைக் குறுக்கே கடந்தது, எதிர்ப்பக்கத்து லோங்காங் வாய்க்காலில் வலது சக்கரங்கள் இறங்கி, அங்கே இருந்த வாழைப்பழப் பலகாரக் கடைமேல் மெதுவாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. கடைக்கார மலாய் அம்மா நல்லவேளையாகத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். அவருடைய பிசாங் கோரேங்கும் எங்கள் லட்டும் ஒரே வாய்க்காலில் மிதந்தன.

பக்கக் கதவு இப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது வழியாகத்தான் எல்லோரும் மேலே ஏறி வரவேண்டும். இருபது பேருக்கு மேல் வரிசையாக என் பெயரை மிதித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அவ்வளவு குழப்பத்திலும், கு எழுத்தின் மேல் யாரோ சேற்றுக் காலை வைத்தது என் கண்ணில் பட்டது. சிராய்ப்பு, வீக்கம், அழுகை, ஆனால் பெரிய அடி இல்லை என்று எல்லோரையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவைப் பார்த்தேன். பின்கதவைப் பிடித்துக்கொண்டு கடைசியாக இறங்கினாள். வலது மணிக்கட்டு ஒரு மாதிரியாகத் திரும்பியிருந்தது.

"கை ஒடிஞ்சிருச்சு போலடா," என்றாள், சோறு குழைஞ்சிருச்சு என்பதுபோல. "தட்டெல்லாம் பத்திரமா பாரு."

கடைக்கார அம்மா தண்ணீர் வாளியோடு வந்து நின்றார். கடையைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், வானம் பார்த்த கதவில் ஆங்கில எழுத்தைச் சத்தமாகப் படித்தார்.

"சியாப்பா குணசேகரன்?" யார் அந்தக் குணசேகரன்.

இருபத்து மூன்று கைகள் என்னைக் காட்டின. அதில் அம்மாவுடைய கை மட்டும் இடது கை.

மாணிக்கம் அண்ணன் மெல்ல என் பக்கத்தில் வந்தார். "தம்பி, எனக்கு அஞ்சு புள்ளைங்க. பெர்மிட் வேற இல்ல. பேரு உங்க பேருதானே... பார்த்து ஏதாவது சொல்லுங்க," என்றார். நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அம்மாவை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப்போட்டோம். அங்கிருந்து எல்லோரும் போலீஸ் நிலையம். செய்தி கேட்டுச் சம்பந்தி வீட்டிலிருந்து சபாபதியும் பட்டு வேட்டி, சந்தனப் பொட்டோடு நேராக அங்கே வந்துவிட்டார். அந்த ஊர் போலீசுக்கு அவரை நன்றாகத் தெரியும். அங்கே இருந்த சார்ஜன் எழுந்து நின்று கை கொடுத்தார்.

மலாயில் எனக்குப் பரீட்சையே பாஸ். ஆனால் சார்ஜன் பேனாவை எடுத்து, "இந்த வேன் யாருடையது?" என்று மலாயில் கேட்டதும், படித்த மலாய் அத்தனையும் என்னைவிட்டு இறங்கிப் போய்விட்டது. நான் முழிப்பதைப் பார்த்த சபாபதி, பழக்கதோஷத்தில் சார்ஜனுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"இந்த வாகனம் யாருக்குச் சொந்தம் என்று கேட்கப்படுகிறது," என்றார், கோர்ட்டுத் தமிழில். "யோசித்துப் பதில் சொல்லவும்."

யோசித்தேன். ஆமாம் என்றால் வழக்கு, கோர்ட்டு, கிராணி வேலைக்கும் ஆபத்து. இல்லை என்றால் கேட்கிறவரே மாமனார், வசந்தா கையைவிட்டுப் போனாள். ஒருபக்கம் மாணிக்கம் அண்ணனின் ஐந்து பிள்ளைகள். எந்தப் பதிலை எடுத்தாலும் ஒருவர் நாசமாகிற மாதிரி இருந்தது.

"பேரு என்னோடது," என்றேன்.

அதை அப்படியே மலாயில் சொன்னார். சார்ஜன் ஏதோ கேட்டார்.

"பெயர் கேட்கப்படவில்லை. வண்டி கேட்கப்படுகிறது."

மாமா குறுக்கே வந்தார். "இன்சூரன்சு இருக்குல்லங்க, அவன் பார்த்துக்குவான்," என்றார்.

சார்ஜன் சிரித்தார். வேன் பன்னிரண்டு பேருக்கு, வந்தது இருபத்து நாலு, அதுவும் பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு, ஒரு காசு பெயர்வது கஷ்டம் என்றார். மாமாவுக்கு அது பிடிபடவில்லை. "மொதல்ல ஏறுன பன்னெண்டு பேருக்காவது குடுக்கமாட்டானா?" என்று கேட்டார். சபாபதி அதையும் கண்ணியமாக மொழிபெயர்த்தார். யார் முதலில் ஏறினது என்று ஒன்பது சுமங்கலிகளும் வெளியே சண்டை போட ஆரம்பித்தார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன். சுவரோரமாக அம்மா கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீங்கின விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக் காலையில் அந்தக் கையால் மரம் சீவமுடியாது. எனக்கு வேறு எந்தப் பதிலும் வேண்டாமென்று தோன்றிவிட்டது.

"வேன் என்னோடது இல்லீங்க, மாணிக்கம் அண்ணனோடது. பின்னால இருந்த பெஞ்சு மட்டும் என்னோடது. போல்ட்டு போடாம கட்டுனதுல நானும் ஒரு ஆளு. எங்கம்மா அதுலதான் உட்கார்ந்திருந்தாங்க. எனக்கு வேன் இருக்குன்னு உங்ககிட்ட நாங்க சொல்லல, ஆனா இல்லைன்னும் சொல்லல. என்கிட்ட இருக்கறது ஒரு சைக்கிள்."

சபாபதி மொழிபெயர்க்கவில்லை. முதல் தடவையாக வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். சார்ஜன் பேனாவால் மேசையைத் தட்டினார்.

"பெஞ்சுக்கு எதுக்குக் கதவுல பேரு?" இது கோர்ட்டுத் தமிழ் இல்லை.

"உபயம்ங்க," என்றேன்.

இத்தனை வருஷம் கொலையும் கொள்ளையும் மொழிபெயர்த்தவருக்கு உபயத்தை மொழிபெயர்க்க முடியவில்லை. தானம் என்று பார்த்தார், அன்பளிப்பு என்று பார்த்தார், கடைசியில் கோயில் ஃபேனிலிருந்து ஆரம்பித்து ஐந்து நிமிஷம் விளக்கினார். சார்ஜனிடம் இருந்த ஃபாரத்தில் உரிமையாளர், ஓட்டுநர், பயணி என்று மூன்று கட்டம்தான். பெஞ்சு கொடுத்தவனுக்குக் கட்டம் கிடையாது. அவர் என்னைப் பார்த்தார், ஃபாரத்தைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"தப்புப் பண்ணுனவன் தானே முன்கூட்டி பேரை எழுதி வெச்சிட்டு வந்ததை இப்பத்தான் பார்க்கறாராம்," என்றார் சபாபதி. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

பரிசம் நடக்கவில்லை. ஒன்பது தட்டும் பஸ்ஸில் திரும்பின. வழக்கில் மாணிக்கம் அண்ணனுக்கு அபராதம் விழுந்தது. நான் சாட்சி. (மொழிபெயர்த்தவர் யார் என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை.) மாணிக்கம் அண்ணன் அப்புறம் முறைப்படி பெர்மிட் எடுத்து, பன்னிரண்டு பேருக்கு மேல் கடவுளே வந்தாலும் ஏற்றமாட்டேன் என்று ஓட்டினார். பலகாரக் கடையை நானும் அவருமாக மூன்று ஞாயிற்றுக்கிழமை போய்த் திரும்பக் கட்டிக்கொடுத்தோம். பெஞ்சை அந்த அம்மா தனக்கு வேண்டும் என்று வைத்துக்கொண்டார். தரையில் ஆழமாகக் குழி வெட்டி, கால்களைப் புதைத்துத்தான் போட்டேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அங்கே சபாபதி வந்தார், பின்னால் வசந்தா. அவர் பெஞ்சை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. உட்கார்ந்து ஒரு பிசாங் கோரேங்கைச் சாப்பிட்டு முடித்தார்.

"கோர்ட்டுல தினமும் பொய் கேட்கறேன்," என்றார் கடைசியில். "தானா வந்து பெஞ்சு என்னோடதுன்னு சொன்ன ஆளு நீங்க ஒருத்தர்தான். இவ என்ன சொல்றான்னு இவகிட்டயே கேட்டுக்குங்க."

வசந்தா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்களுக்கு வேன் இருக்கும்னு அப்பாதான் நம்புனாங்க. கதவைவிடப் பெரிசா பேரு எழுதறவர்கிட்ட வேற ஒண்ணும் இருக்காதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள்.

கல்யாணத்துக்கு மாமனாரே ஒவ்வொரு வண்டி வாசலிலும் நின்று தலையை எண்ணித்தான் ஏற்றினார். சாகிற வரைக்கும் எந்த வண்டியில் ஏறினாலும் எண்ணினார். இப்போதும் எங்கள் வீட்டில் எது உடைந்தாலும், கண்ணாடி டம்ளரோ, பேரனின் பொம்மைக் காரோ, முதல் கேள்வி "யார் உபயம்?" என்பதுதான்.

அம்மாவின் மணிக்கட்டு கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது. அந்தக் கையாலேயே இன்னும் பல வருஷம் மரம் சீவினாள். நான் கார் வாங்கின நாளிலிருந்து முன் சீட்டு அவளுக்குத்தான், வசந்தா பின்னால். அம்மாவுக்கு இப்போது காது மந்தம், கண்ணும் அவ்வளவாகத் தெரிவதில்லை. மழை வருவதை மட்டும் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிடுவாள். நேற்று சாயங்காலம் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"குணா, துணியெல்லாம் எடுத்துருடா. உன் உபயம் வலிக்குது."